சொல்லும் சொல்லாமையும்: அண்மைக்காலக் குறுநாடகங்கள் சில

அரபிக் கல்லூரிகளில் ஓதியவர்கள் இமாம் ஹரீரியின் மகாமாத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஊர் ஊராகச் சென்று, வேடம் மாற்றி, குரல் மாற்றி, தம் நாவன்மையால் கேட்போரின் பணப்பையை அவிழ்க்கச் செய்யும் அபூஸைத் ஸரூஜியையும், மீண்டும் மீண்டும் ஏமாந்து பின்னர் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் ஹாரிஸ் இப்னு ஹம்மாமையும் வைத்து 50 மகாமாக்களை அமைத்தார் ஹரீரி. சொல்வளத்துக்காகவும் எதுகை நயத்துக்காகவும் அந்நூலைப் பாடமாக நடத்துகிறோம். ஆனால் வகுப்பில் ஒரு மாணவனை அபூஸைதாகவும் மற்றொருவனை ஹாரிஸாகவும் வாசிக்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் அது நாடகமாகிவிடும். நம் ஆசிரியப் பணியில் பலமுறை செய்து கண்டது இது. அவ்வாறிருக்க, 'நாடகம்' என்னும் சொல்லை உச்சரித்தவுடன் மட்டும் நம்மவர் நெற்றி சுருங்குவதேன்?

இச்சுருக்கத்துக்குப் பழைய காரணங்கள் உண்டு. அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு விளக்கம் எழுதிய இப்னு ருஷ்து, மேடையைக் கண்டறியாதவராகையால், துன்பியல் நாடகத்தைப் 'புகழ்ப்பா' என்றும் இன்பியல் நாடகத்தை 'வசைப்பா' என்றும் பொருள்கொண்டார். அவருக்கு முன்னர் அந்நூலை அரபியில் பெயர்த்த அபூபிஷ்ர் மத்தா செய்ததும் அதுவே. ஆயினும் நடிப்பு அரபு மக்களுக்கு அறவே அந்நியமாக இருந்ததென்று கூறுவது பிழை. மோசுலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராக வாழ்ந்த இப்னு தானியால் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய மூன்று நிழற்கூத்துப் பிரதிகள் இன்றும் கிடைக்கின்றன. தமிழ் முஸ்லிம்களிடமும் அலிபாதுஷா நாடகம் போன்றவை விடிய விடிய ஆடப்பட்ட காலம் ஒன்றிருந்தது.

நவீன நாடகம் 1840களின் இறுதியில் பெய்ரூத்தில் மாரூன் நக்காஷின் வீட்டில் தொடங்கிற்று. திமிஷ்கில் அதனை வளர்த்தவரோ ஷைகு அஹ்மது அபூகலீல் கப்பானி என்னும் மார்க்கக் கல்வி பெற்ற ஒருவர். அவருக்கு எதிராக ஊர்ப் பெரியோர் சிலர் இஸ்தான்புல் வரை சென்று முறையிட்டதும், அரங்கம் மூடப்பட்டதும், 1884இல் அவர் எகிப்துக்குப் புறப்பட்டதும் அரபு நாடக வரலாற்றின் மறக்கவியலாப் பக்கங்கள். முறையிட்டவர்களும் நம்மவரே, நாடகம் போட்டவரும் நம்மவரே என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துவிட்டு அப்பால் செல்வோம்.

இக்கட்டுரையில் நாம் பரிந்துரைக்க எண்ணுவன குறுநாடகங்கள். பெரிய நாடகத்துக்கு அரங்கம் வேண்டும், ஒளியமைப்பு வேண்டும், பொருட்செலவு வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் ஒன்றுக்கு ஒரு வகுப்பறையும் நான்கு நாற்காலிகளும் போதும். தவ்ஃபீக் அல்ஹகீம் 1950இல் வெளியிட்ட 'மஸ்ரஹுல் முஜ்தமஃ' தொகுதியில் 21 நாடகங்களை அடக்கினார் என்பது, அரபு எழுத்தாளர்கள் இவ்வடிவத்தை ஒருபோதும் இளப்பமாகக் கருதியதில்லை என்பதற்குச் சான்று. அத்தொகுதியிலுள்ள 'மரணப் பாடல்' ஓரங்கத்தில், தந்தையின் கொலைக்குப் பழிவாங்குவான் என்று தாய் பல்லாண்டு காத்திருந்த மகன், அஸ்ஹரில் ஓதியவனாக ஊர் திரும்புகிறான், பழிவாங்க மறுக்கிறான். அதன்பின் தாய் எடுக்கும் முடிவைப் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை.

புதியவற்றை எடைபோட நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். சிரியாவின் ஸஅதுல்லாஹ் வன்னூஸ் (1941–1997) 1969இல் எழுதிய 'அல்ஃபீல் யா மலிகஸ் ஸமான்' என்னும் குறுநாடகத்தையே நாம் அளவுகோலாகக் கொள்வோம். 'காலத்தின் அரசே, யானை!' என்று அத்தலைப்பைப் பெயர்க்கலாம். அரசனின் செல்ல யானை ஊருக்குள் புகுந்து ஒரு குழந்தையை மிதித்துக் கொன்றுவிடுகிறது. ஸகரிய்யா என்பவர் ஊராரைத் திரட்டுகிறார். அரசன் முன் எவ்வாறு முறையிடுவதென்று ஒத்திகை நடக்கிறது. அவர் யானையின் பெயரைச் சொல்ல வேண்டும். அது செய்த கொடுமையை மக்கள் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒத்திகையில் குரல்கள் சிறிது சிறிதாக ஒன்றுபடுகின்றன. பின்னர் அரண்மனை வாயில், காவலர், நீண்ட படிகள், தரைவிரிப்பு. இறுதியில் அரியணையின் முன் ஸகரிய்யா தம் பகுதியைச் சொல்கிறார். பின்னாலிருந்து ஒரு குரலும் எழவில்லை. மீண்டும் சொல்கிறார். மௌனம். அவர் முகம் மாறுகிறது. யானை தனிமையில் வாடுகிறது, அதற்கொரு துணை வேண்டும் என்பதே மக்களின் வேண்டுகோள் என்று கூறித் தலை தாழ்த்துகிறார். அரசன் மகிழ்ந்து பரிசளிக்கிறான்.

கொடுங்கோலன் முன் நீதிச்சொல் உரைப்பதன் சிறப்பை நபிமொழியிலிருந்து ஆண்டுதோறும் பாடம் நடத்துபவர் நாம். அப்பாடத்தை நடத்தி முடித்த கையோடு இந்நாடகத்தை மாணவர்களை வாசிக்கச் செய்ததில், அந்நபிமொழியின் கனம் அவர்களுக்கு அன்றுதான் புரிந்ததெனத் தோன்றியது. ஒருவன் ஸகரிய்யாவைக் கோழை என்றான். மற்றொருவன், அவர் கோழையல்லர், கைவிடப்பட்டவர் என்றான். வகுப்பு முடிந்தும் வாதம் முடியவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல் ஏன் நின்றுவிடுகிறது? யாருடைய சொல் அவ்வாறு நிறுத்தப்படுகிறது? வன்னூஸுக்குப் பின்வந்த குறுநாடகங்களில் நம்மை ஈர்த்தவை யாவும் இவ்வினாவைச் சுற்றியே வருகின்றன.

முதலாவதாகக் 'காஸா தனியுரைகள்'. 1991இல் ஜெருசலேமில் ஈமான் அவ்ன், எட்வர்ட் முஅல்லிம் ஆகியோரால் நிறுவப்பட்டு ரமல்லாவில் இயங்கும் அஷ்தார் நாடகக் குழு, 2008 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2009 ஜனவரி வரை நீடித்த போருக்குப் பின், காஸாவின் பதின்வயதுப் பிள்ளைகளைத் தத்தம் அனுபவங்களை எழுதச் செய்தது. 2010 அக்டோபர் 17 அன்று 30க்கும் மேற்பட்ட நாடுகளில் இளைஞர்கள் தத்தம் மொழிகளில் அவற்றை ஒரே நாளில் அரங்கேற்றினர். ஒவ்வொன்றும் ஒருவர் நின்று சில நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடியது. தலைப்பில் பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, வசிக்கும் பகுதி, அவ்வளவே.

இவை யாவும் சமதரமானவை என்று நாம் சொல்லமாட்டோம். சில பள்ளிக் கட்டுரை போன்று தொடங்கி, நாட்டுப்பற்று வாசகங்களில் முடிகின்றன. பெரியவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று அப்பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். நல்லவை அவற்றிலிருந்து வழுவி, ஒரு பொருளிலோ ஒரு பழக்கத்திலோ சிக்கிக்கொள்கின்றன. அச்சத்தை ஒளிக்காமல் சொல்லும் உரைகளே நம் நெஞ்சில் நிற்கின்றன. வீரம் பேச வேண்டிய இடத்தில் 'எனக்குப் பயமாக இருந்தது' என்னும் பொருள்படப் பேசும் பிள்ளை, ஸகரிய்யாவின் ஊரார் செய்யத் தவறியதைச் செய்துவிடுகிறது.

2023 அக்டோபரில் தொடங்கிய பேரழிவின்போது, அஷ்தார் குழு அவ்வாண்டு நவம்பர் 29 அன்று இத்தனியுரைகளை மீண்டும் வாசிக்குமாறு உலகெங்குமுள்ள நாடகக் கலைஞர்களை அழைத்தது. 2010இல் பதினான்கு, பதினைந்து வயதிலிருந்தவர்கள் இப்போது முப்பதை நெருங்கியோ கடந்தோ இருக்க வேண்டும். அவர்களில் பலருக்குப் பிள்ளைகள் இருக்கக்கூடும். அப்பிள்ளைகளும் அதே உரையைப் புதிதாக எழுதும் நிலையில் நிற்கிறார்கள். பிரதியில் ஒரு சொல்லும் மாறவில்லை. மேடையில் வாசிப்பவர் இக்கணக்கை அவையோருக்கு ஒருமுறை எடுத்துரைத்துவிட்டுத் தொடங்குவது நலம்.

இரண்டாவது பரிந்துரைக்கு நாம் அரபு மொழியைவிட்டு வெளியே செல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கில நாடகாசிரியர் கேரில் சர்ச்சில் அதே 2009 ஜனவரியில் எழுதி, பிப்ரவரியில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நடிக்கப்பட்ட 'ஏழு யூதக் குழந்தைகள்' சுமார் பத்து நிமிட நாடகம். ஏழு காட்சிகள், ஏழு காலங்கள். ஒவ்வொன்றிலும் மேடைக்கு வராத ஒரு சிறுமிக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் வரிகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஆசிரியர் விட்டுவிட்டார். நிகழ்ச்சியின் இறுதியில் பாலஸ்தீன மருத்துவ உதவிக்கென நிதி திரட்டுவோர் கட்டணமின்றி இதனை நடிக்கலாம் என்பது அவர் விதித்த நிபந்தனை.

முதற்காட்சியில் ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் ஒரு குடும்பம் தன் சிறுமியை மறைத்துவைத்திருக்கிறது. அவள் சத்தமிடக்கூடாது, ஆனால் அஞ்சவும் கூடாது. இரண்டாவதில் கொல்லப்பட்ட உறவினரின் நினைவு. பின்னர் புதிய நாட்டுக்குப் பயணம், அங்கே முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்லலாமா என்னும் தயக்கம், 1967இன் வெற்றிக் களிப்பு, தண்ணீர், ஒலிவ மரங்கள் என்று சென்று, ஏழாவதில் காஸாவின் மீது குண்டு விழும் நாளில் முடிகிறது. சொல்லாமல் மறைத்தல் முதலில் குழந்தையின் உயிரைக் காக்கிறது. அதே மறைத்தல் பின்னர் பெரியவர்களின் மனச்சாட்சியைக் காப்பதாக மெல்ல உருமாறுகிறது. அவ்வுருமாற்றம் எந்த வரியில் நிகழ்ந்ததென்று விரல் வைத்துக் காட்ட இயலாது. நாடகத்தின் வலிமை அதில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. யூத வெறுப்பைத் தூண்டுவதென்று சிலர் எழுதினர். டோனி குஷ்னர் போன்ற யூத நாடகாசிரியர்களே இதனை ஆதரித்தும் எழுதினர். பிபிசி வானொலி நடுநிலைமையைக் காரணம் காட்டி ஒலிபரப்ப மறுத்தது. 2022இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரிலிருந்து சர்ச்சிலுக்கு அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய நாடக விருது, அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. இந்நாடகமும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. டெப் மார்கோலின் 'ஏழு பாலஸ்தீனக் குழந்தைகள்' என்னும் மறுமொழி நாடகத்தை எழுதினார். இரண்டையும் ஒருசேரப் படிக்குமாறு நாம் பரிந்துரைக்கிறோம். தலைப்பில் 'இஸ்ரேலிய' என்றிராமல் 'யூத' என்றிருப்பது குறித்த ஆட்சேபம் பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் முதலிரு காட்சிகளும் இருக்கும்வரை அச்சொல்லை வெறுப்பின் சொல்லாகக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இவ்விடத்தில் நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024இன் தொடக்கத்தில் காஸா மக்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் நம் மாணவர்கள் இந்நாடகத்தைத் தமிழில் வாசிக்க விரும்பினர். கூட்டத்தின் மனநிலையைக் கருதி முதலிரு காட்சிகளையும் விட்டுவிடுமாறு நாமே அறிவுறுத்தினோம். நேரமின்மை என்று காரணம் சொன்னோம். பத்து நிமிட நாடகத்தில் இரண்டு நிமிடத்தைச் சேமித்து என்ன செய்யப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசிப்பு நன்றாகவே நடந்தது, அவை கண்கலங்கியது. திரும்பிவரும் வழியில், வேனின் பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவர், "ஹஜ்ரத், அந்த முதல் பிள்ளையை நாம் ஏன் விட்டுவிட்டோம்?" என்று கேட்டார். "கூட்டத்துக்குப் புரியாது தம்பி" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் பற்றிய நாடகத்தில் நாம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். நாம் அளவுகோலாகக் கொண்ட வன்னூஸின் நாடகத்தில் அரசன் முன் நின்ற ஊராருக்கேனும் காவலர்களின் வாளைக் கண்ட அச்சம் இருந்தது. நமக்கு வாள் எதுவும் இல்லை. ஒளிந்திருக்கும் ஒரு யூதச் சிறுமிக்காக நம் அவை இரங்கினால், காஸாவின் சிறுமிக்காக இரங்குவது குறைந்துவிடும் என்று எவ்வாறு கணக்கிட்டோம்? துண்டித்து வாசித்ததன் வழியே, அந்நாடகத்தைக் குறைகூறியவர்களின் கையில் நாமே ஆதாரத்தைக் கொடுத்தோம். இந்நாடகத்தை எடுப்போர் ஏழு காட்சிகளையும் எடுக்கட்டும். இயலாவிடில் வேறு நாடகத்தைத் தேர்ந்துகொள்ளட்டும்.

மொழிபெயர்ப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 'சொல்', 'சொல்லாதே' என்னும் இரு ஏவல்களே இந்நாடகத்தின் முழு இலக்கணம். அரபியில் பெயர்ப்பவர் 'குல்' என்று ஆணை நோக்கிச் சொல்வதா, 'கூலீ' என்று பெண்ணை நோக்கிச் சொல்வதா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அத்தொல்லை இல்லை. தமிழில் ஆண்பால் பெண்பால் இடர் இல்லையாயினும் வேறொன்று இருக்கிறது. 'சொல்' என்றால் மூத்தவர் இளையவரிடமோ கணவர் மனைவியிடமோ பேசுவதாகிறது. 'சொல்லுங்கள்' என்றால் நிலைமை தலைகீழாகிறது. பேசுவது யார் என்பதை ஆசிரியர் மறைத்துவைத்திருக்க, நம் மொழியின் மரியாதை விகுதி அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாணவர்கள் 'சொல்ல வேண்டும்', 'சொல்ல வேண்டாம்' என்று அமைத்துக்கொண்டனர். ஏவலின் கூர்மை சற்று மழுங்கிற்று. ஆனால் ஒரு குடும்பம் கூடிக் கலந்தாலோசிக்கும் தொனி கிட்டியது. இதனினும் நல்ல வழி கண்டவர் எழுதினால் மகிழ்வோம்.

மூன்றாவது, சிரியாவின் முஹம்மது அல்அத்தார் 2011 நிகழ்வுகளின் சூட்டில் எழுதிய, 'கேமராவைச் சற்று நோக்க முடியுமா?' என்று பொருள்படும் நாடகம். குறுநாடகம் என்பதற்குச் சற்றே நீண்டதாயினும், தனித்தனிச் சாட்சியங்களாகப் பிரித்து வாசிக்க ஏற்றது. நூரா என்னும் இளம்பெண் சிறைமீண்டவர்களைப் படம்பிடிக்கிறாள். அவர்கள் சொல்பவை, மெய்யாகவே தடுத்துவைக்கப்பட்டிருந்தவர்களிடமிருந்து ஆசிரியர் திரட்டிய செய்திகளை அடிப்படையாகக் கொண்டவை. இங்கே சொல்லும் சொல்லுக்குக் கேட்பவர் இருக்கிறார். ஆனால் அவர் எதற்காகக் கேட்கிறார்? பிறர் துன்பத்தைப் பதிவு செய்பவர், அத்துன்பத்தால் தாம் உயர்கிறாரா என்னும் ஐயத்தை நாடகம் நூராவின் மீது வைக்கிறது. சொற்பொழிவுகளில் பிறர் கண்ணீரை எடுத்தாளும் நம்மைப் போன்றோர் மீதும்தான்.

2024 டிசம்பர் 8 அன்று அஸதின் ஆட்சி வீழ்ந்து ஸைத்னாயாச் சிறை திறக்கப்பட்டபின் இப்பிரதியை மீண்டும் எடுத்துப் படித்தோம். முகத்தைக் காட்டினால் என்ன நேரும் என்னும் அச்சத்தின் மீது கட்டப்பட்ட தலைப்பு அது. சிறை வாசலில் மகனின் புகைப்படத்தை ஏந்தி நின்ற தாய்மாரைச் செய்திகளில் கண்டபின், அதே தலைப்பு வேறு யாரையோ நோக்கிக் கேட்பதுபோல் ஒலிக்கிறது.

ஏனையவற்றைச் சுருக்கமாகக் குறிக்கலாம். பாலஸ்தீனப் பெண் எழுத்தாளர் தாலியா தாஹாவின் 'கூஃபிய்யா / சீனத் தயாரிப்பு', குறுங்காட்சிகளால் ஆனது. ஹெப்ரானில் 1961 முதல் கூஃபிய்யா நெய்துவரும் ஆலை, மலிவான சீன இறக்குமதியால் நலிந்ததை அறிந்தவர்க்குத் தலைப்பே பாதி நாடகம். எதிர்ப்பின் சின்னம் சந்தைப் பொருளானால் துயரம் என்னவாகும் என்னும் எள்ளல் அதில் இருக்கிறது. நம் நூலாசிரியர்களிடம் அருகிவரும் பண்பு இது. 2015இல் ராயல் கோர்ட்டில் மேடையேறிய இவரது 'வாணவேடிக்கை' முழுநீள நாடகமாகையால் ஈண்டு விரிக்கவில்லை. ஐதா முகாமைச் சேர்ந்த அப்துல் ஃபத்தாஹ் அபூஸுரூர், நாஜி அல்அலீயின் கேலிச்சித்திரங்களிலிருந்து ஆக்கிய 'ஹன்ழலா'வும் படிக்கத்தக்கது. முதுகைக் காட்டி நிற்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு மேடையில் முகம் கொடுக்கலாமா என்பதே அதனை எடுப்போர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல். இம்மூவரின் ஆக்கங்களுள் பின்னிரண்டும், அதாவது 'கூஃபிய்யா'வும் 'ஹன்ழலா'வும், இஸ்மாயில் காலிதியும் நவோமி வாலஸும் தொகுத்து 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆறு பாலஸ்தீன நாடகங்களின் ஆங்கிலத் தொகுதியில் கிடைக்கின்றன. அரபு மூலங்களைத் தேடிப் பெறுவதே நம் மாணவர்க்குப் பொருத்தம்.

நடிப்பதா, வாசிப்பதா என்னும் வினா நம் வட்டாரத்தில் தவறாது எழும். வேடமின்றி, ஒப்பனையின்றி, கையில் தாளுடன் நின்று வாசித்தலே இந்நாடகங்களுக்குப் போதுமானது. பலவற்றுக்கு அதுவே சிறந்ததுமாகும். ஆதலின் கப்பானிக்கு எதிராக இஸ்தான்புல் சென்றவர்களின் வழித்தோன்றல்கள்கூட மனநிறைவுடன் முன்வரிசையில் அமரலாம்.

இவ்வாண்டு விழாவுக்குச் சர்ச்சிலின் நாடகத்தை மீண்டும் எடுத்திருக்கிறோம், ஏழு காட்சிகளையும். வேனில் நம்மிடம் வினவிய அம்மாணவர் இப்போது இறுதி ஆண்டில் இருக்கிறார். முதற்காட்சியை அவரே கேட்டுப் பெற்றுக்கொண்டார். தாழ்ந்த குரலில் வாசிக்கப் போவதாகவும், பின்வரிசைக்குக் கேட்காவிட்டாலும் ஒலிவாங்கி வைக்க வேண்டாமென்றும் சொல்கிறார். ஒளிந்திருக்கும் குடும்பம் உரக்கப் பேசாது என்பது அவர் தரப்பு. பின்வரிசையில் அமர்வோர் பெற்றோர்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பது நம் தரப்பு. இன்னும் முடிவாகவில்லை.